சுவிட்சை அணைத்திருந்தேன், பிளக்கைக் கழற்றவில்லை

போன ஏப்ரல் 9ஆம் திகதி, பகல் மூன்றரை மணி இருக்கும். மலை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடிவருவது எங்கள் வாசலில் இருந்து தெரிந்தது. நான் செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்து லெப்டொப்பை மூடினேன். சுவரில் இருந்த பிளக் சுவிட்சை அணைத்தேன். ரவுட்டர் சுவிட்சையும் அணைத்தேன். அவ்வளவு போதும் என்று நினைத்து, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் முன்பே அந்த இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒரே நொடியில் வந்தன. மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், குழந்தை வீரிட்டு அழுதது.

இஸ்தோப்புக்கு (முன் வராந்தாவுக்கு) ஓடிவந்தபோது வாடைதான் முதலில் அடித்தது. வயர் எரிந்தால் வரும் அந்த மீன் கவிச்சி மாதிரியான வாடை. மழை விட்ட பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ரவுட்டரின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்குப் பிளாஸ்டிக் கொப்பளித்துப் பழுப்பு நிறமாகியிருந்தது. அதிலிருந்து லெப்டொப்புக்குப் போகும் நெட்வேர்க் கேபிளை உருவினேன். அதன் தலையில் வரிசையாக எட்டு தங்க நிறக் கம்பிகள் இருக்கும். அதில் இரண்டு கரிக்கோடு போட்ட மாதிரி கறுத்திருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. லெப்டொப் பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் ஒரு விளக்கும் எரியவில்லை.

எங்கள் வீடு இலங்கையின் மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது. ஆறு வருடமாக வீட்டில் இருந்தே தட்டச்சு வேலை செய்கிறேன். டியூஷன் மாஸ்டர்களுக்கு ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல் என்று எது வந்தாலும் செய்வேன். அந்த லெப்டொப்பைத் தவணைக்கு ஒரு இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கட்டி வாங்கினேன். கடைசித் தவணை கட்டி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது லெப்டொப்பின் விலை இல்லை, உள்ளே இருந்தவைதான். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடம் ஆனதை எல்லா இடத்திலும் நினைவுகூர்ந்தார்கள். அப்போது எங்கள் தோட்டக் கோயிலுக்கும் ஒரு நினைவு மலர்ப் புத்தகம் போடுவோம் என்று பேச்சு வந்தது. அதற்காகப் பதினான்கு வயதானவர்களின் காம்பராவில் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நேராக லெப்டொப்பிலேயே தட்டச்சு செய்தேன். பணம் சேராமல் மலர் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு எங்கும் இல்லை.

இடி எங்கள் வீட்டின் மேல் விழவில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே உள்ள சவுக்கு மரத்தில் விழுந்தது என்று மறுநாள் பார்த்தவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் எங்கே விழுந்தாலும் அதன் வேகம் கரண்ட் வயர், டெலிபோன் வயர், டிவி அன்டனா வயர் என்று கிடைத்த கம்பியில் ஏறி ஓடிவரும். அன்று லயத்தில் மூன்று வீட்டு டிவியும் போனது. எங்கள் அப்பாவின் டிவியும் அதில் ஒன்று. இந்த இடத்தில்தான் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். மற்றக் கம்பிகள் தொட்டபடியேதான் இருக்கும். துண்டித்த இடத்திலும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். வானத்தில் இருந்து மரம் வரை தாவி வந்த மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. என் ரவுட்டர் அடாப்டர் சுவிட்ச் அணைத்த நிலையில் இருந்தும் எரிந்தது. அங்கிருந்து நெட்வேர்க் கேபிள் வழியாக லெப்டொப்புக்குள் போய்விட்டது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்றும் நம்பியிருந்தேன். அது மனிதனுக்கு ஷொக் அடித்தால் கரண்டை வெட்டத்தான் இருக்கிறது, மின்னலைத் தடுக்க அல்ல. அது விழுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் எரிய வேண்டியது எரிந்துவிடும்.

ஆகவே பிளக்கைச் சுவரில் இருந்து முழுதாகக் கழற்றி, ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். அன்டனா வயரையும் டிவியில் இருந்து உருவுங்கள். நெட்வேர்க் கேபிளையும் அப்படியே. இதெல்லாம் இடி தலைக்கு மேல் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை. இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது பிளக்கில் கை வைக்கவே கூடாது. லெப்டொப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே நொடிக்கு ஒன்றாக எண்ணிப் பாருங்கள். மூன்று எண்ணினால் இடி ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. முப்பதுக்குள் வந்துவிட்டால் பிளக், வயர் எதன் பக்கமும் போகாமல் இருப்பதுதான் நல்லது. எங்கள் மலைப்பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகலுக்கு மேல் இடி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரேடியோவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலிலும், இடி நேரத்தில் வயர் உள்ள டெலிபோனையும் மின் இணைப்பில் உள்ள பொருட்களையும் பாவிக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். அதைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். இப்போது அந்த இரண்டு பருவத்திலும் பகல் பன்னிரண்டு மணிக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பற்றரியில்தான் வேலை செய்கிறேன்.

மறுநாள் 10ஆம் திகதி ஹட்டனில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். சித்திரை வருடப்பிறப்பு நெருங்கியதால் டவுனில் கால் வைக்க இடமில்லை. கடைக்காரர் லெப்டொப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "போர்ட் போயிருக்கும் தங்கச்சி, வச்சிட்டுப் போங்க" என்றார். போர்ட் என்றால் லெப்டொப்பின் பாகங்களை எல்லாம் இணைக்கும் உள் மின்பலகை. பார்ப்பதற்கு மட்டும் 2,500 ரூபா. வொரண்டி இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்று விற்ற கடைக்குப் போன் எடுத்தேன். மின்னல், எரிந்த அடையாளம், நீர் பட்டது எதற்கும் வொரண்டி கிடையாது என்றார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அப்படியே இருந்தது. வாங்கும்போது வாசித்திருக்க வேண்டும்.

வருடப்பிறப்புக்குக் கடை பூட்டினார்கள். 21ஆம் திகதிதான் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போன் எடுப்பேன், நாளைக்கு என்பார்கள். நடுவில் ஒரு நாள், ஏதோ சிப் மாற்றிப் பார்க்கிறோம், 14 ஆயிரம் ஆகும் என்றார்கள். வேலை சரிவராவிட்டால் அந்தக் காசு திரும்புமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. பயத்தில் இருக்கும்போது எதற்கும் சரி என்றுதான் வாயில் வருகிறது. மே 2ஆம் திகதி, "எல்லாம் போச்சு, உள்ளே இருந்ததும் போச்சு, இனி புதுசு வாங்குறதுதான்" என்று சொல்லி லெப்டொப்பைக் கையில் கொடுத்தார்கள். 14 ஆயிரம் போனது போனதுதான். பில் கேட்டேன், துண்டில் ஒரு தொகை மட்டும் எழுதித் தந்தார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பி வந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு, இறந்துபோன அந்த இரண்டு பேரின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குச் சொன்னேன். "விடு, வேற ஒன்னு வாங்கலாம்" என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் என்ன போனது என்று அவனுக்கும் விளங்கவில்லை, அப்பாவுக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லாததுதான் அந்த மூன்று வாரத்தில் பெரிய கஷ்டம்.

வினாத்தாள் தந்திருந்த மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பருவம் தவறிப்போய் அவர் வேறு இடத்தில் வேலையைக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு 40 ஆயிரம் ரூபா வரை வருமானம் போனது. அவர் கோபிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போர்ட் எரிஞ்சதுன்னு சொன்னாங்க சரி, டிஸ்க்கைத் தனியாக் கழட்டிப் பார்த்தாங்களா?" நான் முழித்தேன். அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கடையில் கேட்டிருந்தால் மூன்று வாரமும் 14 ஆயிரமும் மிச்சம்.

போர்ட் வேறு, நம் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் வேறு. என்னுடையதில் இருந்தது எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க். சுவிங்கம் பட்டை அளவுதான் இருக்கும், ஒரே ஒரு சின்னத் திருகாணியில் நிற்கும். போர்ட் எரிந்தாலும் அது பல தடவை தப்பிவிடுகிறது. எப்போதும் தப்பும் என்றில்லை, ஆனால் கழற்றிப் பார்க்காமல் போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. கண்டியில் ஒரு கடையை மாஸ்டர் சொல்லிவிட்டார். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று மணித்தியாலம் பஸ். அந்தக் கடைத் தம்பி என் கண் முன்னாலேயே அடி மூடியைத் திறந்து, அதைக் கழற்றி, 4,500 ரூபா கேசிங் ஒன்றில் போட்டு, தன் கொம்பியூட்டரில் செருகினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்க் உயிரோடு இருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (இந்தக் கேசிங் வாங்குபவர்கள் எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டுபோங்கள். என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை இருக்கிறது. ஒன்றுக்கான கேசிங் எல்லா நேரமும் மற்றதற்குச் சரிவராது.)

ஆனால் திறக்கவில்லை. திரையில் ஒரு நீலப் பெட்டி வந்து, 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. "அக்கா, இது பிட்லொக்கர். பூட்டு போட்டிருக்கு. நீங்க போட்டீங்களா?" என்றான். நான் எதையும் போடவில்லை. அவன்தான் விளக்கினான். இப்போது வருகிற பல லெப்டொப்களில், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றால் உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. அதே லெப்டொப்பில் இருக்கும்வரை நமக்கு ஒன்றுமே தெரியாது. கழற்றி வேறு இடத்தில் போட்டால்தான் சாவி கேட்கும். பூட்டியது கெட்டது இல்லை. லெப்டொப் களவு போனால் அதுதான் நம்மைக் காப்பாற்றும். முதல் கடையில் மூன்று வாரம் கிடந்தபோது என் ஃபைல்களை யாரும் பார்த்திருக்க முடியாது என்பதும் அதனால்தான். ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டும். அது அந்த மைக்ரோசொப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்றான்.

எந்தக் கணக்கு? லெப்டொப் வாங்கிய அன்று கடைப் பையன்தான் எல்லாவற்றையும் போட்டுத் தந்தான். நான் வாசலில் நின்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். என்ன மின்னஞ்சல் கொடுத்தான், என்ன கடவுச்சொல் போட்டான், ஒன்றும் தெரியாது. டிஸ்க்கைக் கேசிங்கோடு கைப்பையில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர இரவு எட்டு மணி. பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பழைய பில்களைக் கீழே கொட்டித் தேடினேன். வொரண்டி அட்டையின் மூலையில், நீலப் பேனையால், சரிந்த எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. என் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து அவனே உண்டாக்கியது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கொடுத்தேன். இலக்கம் என் போனுக்கு வந்தது. அந்த சிம்மை நான் மாற்றாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். கணக்குக்குள் போய், லெப்டொப்பின் பெயருக்குக் கீழே பார்த்தால், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம் இலக்கம் இருந்தது. அதைக் கொப்பியில் எழுதி, மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

உங்களிடம் லெப்டொப் இருந்தால் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். எந்தக் கணக்கால் உள்ளே போகிறீர்கள் என்று பாருங்கள். அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதில் இருக்கும் போன் நம்பர் இப்போது பாவனையில் இருக்க வேண்டும். அந்தச் சாவி எண்ணைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி, லெப்டொப் பையில் இல்லாமல், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள். புதிதாக வாங்குபவர்கள், கடையில் யாரும் உங்களுக்காகக் கணக்குத் திறக்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் கூட நின்றாலும் பரவாயில்லை, நீங்களே திறவுங்கள். எஸ்எஸ்டி கழற்றக்கூடியதா, போர்டோடு ஒட்டியதா என்றும் கேளுங்கள். ஒட்டியதாக இருந்தால், போர்ட் போனால் என்னைப் போல் கழற்றி எடுக்க வழியில்லை. திருத்தக் கொடுக்கும்போது, "டிஸ்க்கை முதலில் பத்திரமாகக் கழற்றிக் கொடுங்கள், அப்புறம் போர்டைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வேலை சரிவராவிட்டால் எவ்வளவு எடுப்பீர்கள் என்று எழுதி வாங்குங்கள். பில் தராமல் இழுத்தடித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்பதும் எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக் கொம்பியூட்டரில் டிஸ்க்கைச் செருகி, 48 இலக்கத்தையும் அடித்தேன். கை நடுங்கியதால் ஒரு தடவை பிழைத்து, இரண்டாம் தடவை திறந்தது. மலர் ஃபைலை மாஸ்டரின் மகன் திறந்தான். திறந்ததும் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். "அக்கா, ஃபைல் பழுதாகிடுச்சு போல" என்று முகம் வாடிச் சொன்னான். எனக்கு மட்டும் அன்று முதல் தடவையாக மூச்சு இலகுவாக வந்தது. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் அது அப்படித்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டதும் பக்கம் தமிழாக மாறியது. முதல் வரியில், தன் பாட்டனார் மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்து வந்த கதையை ஒரு தாத்தா சொல்லத் தொடங்குகிறார். பதினான்கு பேரும் இருந்தார்கள். அன்றே எல்லாவற்றையும், தனி எழுத்துரு போடாமலே தமிழாகத் தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன். பாமினியில் பழைய வேலை வைத்திருக்கும் தட்டச்சுக்காரர்கள் முக்கியமானதையாவது மாற்றிவிடுங்கள், இன்னும் இருபது வருடம் கழித்துத் திறப்பவரிடம் அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் கடையில் 16,500, ரவுட்டர் 9,500, டிவி திருத்த 11,000, கேசிங் 4,500, போக்குவரத்து 3,600, பாவித்த லெப்டொப் ஒன்று 92,000. எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து 37 ஆயிரத்து 100 ரூபா. அம்மாவின் காப்பை அடகு வைத்துத்தான் இந்தப் பாவித்த லெப்டொப்பை வாங்கினேன், இன்னும் மீட்கவில்லை. இதில் மனதை அறுக்கிற விஷயம் என்னவென்றால், ஆறு வருட வேலை மொத்தமும் சேர்ந்து 2 ஜிபிதான். கூகுள் டிரைவில் 15 ஜிபி சும்மாவே தருகிறார்கள். தட்டச்சு ஃபைல்களை அனுப்ப டேட்டாவும் பெரிதாகப் போகாது. காசு செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன்.

சேர்ஜ் பாதுகாப்பு (திடீரென ஏறும் மின்சாரத்தைத் தடுப்பது) உள்ள மல்டி பிளக் ஒன்று வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். வாங்கினேன். ஆனால் அது வேலை செய்ய வீட்டில் ஒழுங்கான எர்த் இருக்க வேண்டும். எங்கள் லயத்தில் எர்த் வயர் நிலத்துக்குப் போகும் இடத்தில் துருப்பிடித்து அறுந்துகிடந்ததை வயரிங் செய்கிற மாமா ஒருவரைக் கூட்டிவந்து பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அது எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. மல்டி பிளக்குக்கு உள்ளே இருக்கும் பாதுகாப்பும் ஒவ்வொரு அடிக்கும் தேய்ந்துகொண்டே போகும், அதில் உள்ள சின்ன விளக்கு அணைந்தால் மாற்ற வேண்டும். பக்கத்தில் விழுகிற இடிக்கு அதுவும் தாங்காது, அதனால் அதை வைத்துக்கொண்டும் பிளக்கைக் கழற்றுகிறேன்.

இப்போது ஒவ்வொரு போயா (பௌர்ணமி) தினத்திலும் எல்லா ஃபைலையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கீழ் டிவிஷனில் இருக்கும் மாஸ்டர் வீட்டு அலுமாரியில் கொண்டுபோய் வைக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைத்தால் ஒரே இடிக்கு, ஒரே மண்சரிவுக்கு இரண்டும் போய்விடும். மலருக்கும் பணம் சேர்ந்துவிட்டது. அடுத்த போயாவுக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போகும்போது கடைசிப் பிழைதிருத்தத்தையும் அவரிடம் கொடுக்க வேண்டும்.